அரை கிரவுண்டு வாங்கும் முன்

பாடியில பஸ் ஏறி சி.டி.எச். ரோட்டுல மேற்கே போனீங்கன்னா, அம்பத்தூர் எஸ்டேட் தாண்டி, ஆவடி தாண்டி, திருநின்றவூர் வரைக்கும் ரெண்டு பக்கமும் மனை விளம்பரம்தான். 'ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்', 'உடனே வீடு கட்டலாம்', 'சில மனைகளே மீதம்'. அந்த 5 நிமிடம் எந்த வண்டியிலன்னு மட்டும் எந்த போர்டுலயும் போட்டிருக்காது.

நமக்கு ஏன் இதெல்லாம்னு கேட்கலாம். ரியல் எஸ்டேட் முதலீட்டாளர்னா கோட் சூட் போட்ட ஆள், பெரிய கார்னு ஒரு படம் மனசுல வரும். நம்ம ஏரியாவுல நிஜ முதலீட்டாளர் யாருன்னா, எஸ்டேட்ல 25 வருஷம் மெஷின் ஓட்டி, ரிட்டயர் ஆகப்போற, பி.எஃப். பணத்தை எதுல போடலாம்னு டீக்கடையில பேசிக்கிட்டிருக்கிற ஒரு அப்பா. லோனுக்கு அவர் வயசு ஒத்து வராததால 'பையன் பேர்ல போட்டுக்கலாம் சார்'னு சொல்ற ஏஜென்ட். முதல் சம்பளம் வாங்கி 3 மாசம் ஆகிறதுக்குள்ள அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போடப்போறது நாம. அதனால ஃபைனல் இயர்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் இதைக் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

நான் இந்த லீவு முழுக்க ஒரு பத்திரக் கட்டோட உட்கார்ந்திருந்தேன். எங்க அப்பாவும் மேல சொன்ன அப்பாக்கள்ல ஒருத்தர்தான். அதுல புரிஞ்சது இது: இந்தத் தொழில்ல 'எந்த ஏரியா ஏறும்'ங்கிற டிப்ஸ் ரெண்டாம் பட்சம். மெதுவா இருக்கிறது, பேப்பரைப் படிக்கிறது, கணக்கைத் தானே போட்டுப் பார்க்கிறது, இந்தச் சலிப்பான பழக்கங்கள்தான் பணத்தைக் காப்பாத்துது.

முதல்ல ஒரு பழைய கதை. பழசுன்னா 2016 தான். அப்போ நாம ஸ்கூல்ல இருந்தோம்.

பஞ்சாயத்து அப்ரூவல்

சென்னையைச் சுத்தி பல வருஷமா நடந்த வழக்கம் என்னன்னா, ஒருத்தர் வயலை வாங்குவார், சுண்ணாம்புக் கோடு போட்டு ரோடு, மனைன்னு பிரிப்பார், ஒவ்வொரு மனையா பதிவு பண்ணிக் கொடுப்பார். லே-அவுட்டுக்கு அனுமதி தர வேண்டியது சி.எம்.டி.ஏ., அதன் எல்லைக்கு வெளியே டி.டி.சி.பி. அதுக்குப் பதிலா 'பஞ்சாயத்து அப்ரூவல்'னு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். லே-அவுட்டுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. ஆனா சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிவு பண்ணிடும். பதிவே ஆயிடுச்சே, அப்புறம் என்னன்னு மக்களும் வாங்கினாங்க.

2016 செப்டம்பர்ல யானை ராஜேந்திரன்ங்கிற வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்குல, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த வருஷம் அக்டோபர் 20-ல பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டுல அமலுக்கு வந்துச்சு. 3 வாரத்துல பணமதிப்பிழப்பு. தங்கச்சி கல்யாணத்துக்கு, காலேஜ் ஃபீஸுக்குன்னு மனையை விற்க நினைச்சவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. நிலம் அங்கேயேதான் இருக்கு, யாரும் பிடுங்கலை, ஆனா விற்க முடியலை. 2017 மே மாசம் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டு வந்துச்சு: 2016 அக்டோபர் 20 வரைக்கும் போட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கலாம். அதுக்கு அப்புறம் போட்ட அனுமதியில்லாத மனைகளுக்கு அந்த வழி இல்லை.

இதுல எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒண்ணு. நிலம்ங்கிறது நஷ்டமே வராத சொத்துன்னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க இல்லையா, அந்த மாசங்கள்ல மனையோட விலை குறைஞ்சதா ஏறினதான்னு கேள்வியே இல்லை. விற்கவே முடியலைன்னா விலைக்கு என்ன அர்த்தம்? பங்குச் சந்தையில ஒரு பட்டனைத் தட்டி நஷ்டத்தோடயாவது வெளிய வந்துடலாம். மனையில வெளிய வர்ற கதவே பேப்பர்தான். இன்னொருத்தர் வாங்கத் தயாரா இருக்கிற பேப்பர், அவருக்கு வங்கி லோன் கொடுக்கத் தயாரா இருக்கிற பேப்பர். வாங்கும்போதே 'இதை நான் யாருக்கு, எப்படி விற்பேன்'னு கேட்கிறதுதான் இந்தத் தொழில்ல முதல் பழக்கம்னு நான் சொல்வேன்.

எந்தப் பேப்பர் என்ன சொல்லுது

இங்கிலீஷ் மீடியம்ல படிச்ச நமக்கு ஒரு பத்திரத்தைக் கையில கொடுத்தா முதல் வரியிலயே மூச்சு முட்டும். ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்குப் போகும். ஆனா அதுல இருக்கிற லாஜிக் நம்ம டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்துல வர்ற லிங்க்டு லிஸ்ட் மாதிரி. ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய பத்திரத்தின் நம்பரையும் வருஷத்தையும் சொல்லும். அப்படியே பின்னால போய்க்கிட்டே இருந்தா தாய்ப்பத்திரம் வரைக்கும் போகலாம். நடுவுல ஒரு கண்ணி அறுந்திருந்தா, அங்கேதான் பிரச்சினை.

வில்லங்கச் சான்று, அதாவது இ.சி., இந்தச் சங்கிலியைச் சரிபார்க்கிற கருவி. பதிவுத்துறையோட டி.என்.ரெஜினெட் தளத்துல காசில்லாமலே பார்க்கலாம், பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் இருக்கு. அந்த சர்வே நம்பர்ல யார் யாருக்கு எப்போ எழுதிக் கொடுத்தாங்க, எந்த வங்கியில அடமானம் வெச்சாங்க, மீட்டாங்களான்னு வரிசையா வரும். கொஞ்சம் சலிப்பான வேலைதான், சைட்டும் சில நாள் மூட் அவுட் ஆயிடும். ஆனா பல லட்சம் போடுற இடத்துக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குறது பெரிய விலை இல்லை.

ஆனா இ.சி. சுத்தமா இருந்தா எல்லாம் சுத்தம்னு அர்த்தம் இல்லை. பதிவான விஷயம் மட்டும்தான் அதுல வரும். பதிவு பண்ணாத உயில் வராது. குடும்பத்துக்குள்ள வாய்ப்பேச்சா நடந்த பாகப்பிரிவினை வராது. பழைய காலத்துல பத்திரத்தை வங்கியில சும்மா ஒப்படைச்சு வாங்கின கடன் வராமப் போகலாம். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க 'ஜெராக்ஸ் வேணாம், ஒரிஜினலைக் காட்டுங்க'ன்னு கேட்கிறாங்க. ஒரிஜினல் வீட்டுல பத்திரமா இருக்கு, அப்புறம் காட்டுறேன்னு யாராவது சொன்னா, பணத்தையும் அப்புறமே கொடுக்கலாம்.

அடுத்தது பட்டா. இது வருவாய்த்துறையோட கணக்கு, இதையும் அரசோட இ-சேவை தளத்துல பார்க்கலாம். பத்திரத்துல ஒரு பேரும் பட்டாவுல வேற பேரும் இருந்தா ஏன்னு கேட்கணும். கூடவே புல வரைபடத்தைப் பார்த்து நாலு பக்க அளவை நிலத்துல டேப் பிடிச்சு ஒப்பிடணும். சர்வே நம்பர் 'ஏரி', 'வாய்க்கால்', 'மேய்க்கால்'னு வகைப்படுத்தப்பட்ட புறம்போக்கா இருந்தா அதுக்கு மேல பேச்சே வேண்டாம். கோயில் நிலமும் அப்படித்தான். பாடி திருவலிதாயம் மாதிரி பழைய கோயில் இருக்கிற ஊர்கள்ல வளர்ந்த நமக்கு, கோயிலைச் சுத்தி கோயிலுக்குன்னு எழுதி வெச்ச நிலம் இருக்கலாம்னு தெரியும். 22-ஏ பிரிவு அந்த மாதிரி நிலத்தை உரிய அனுமதி இல்லாமப் பதிவு பண்றதையும் தடுக்குது.

அளவுகள்ல ஒரு சின்னக் குறிப்பு, ஏன்னா எனக்கே இந்த லீவுலதான் மனப்பாடம் ஆச்சு. 1 கிரவுண்டு 2,400 சதுர அடி. 1 சென்ட் 435.6 சதுர அடி. 30-க்கு 40 மனைன்னா 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு, சென்ட் கணக்குல 2.75. ஒருத்தர் விலையை சென்ட்ல சொல்லுவார், இன்னொருத்தர் சதுர அடியில. ரெண்டையும் ஒரே அளவுக்கு மாத்தாம 'இது சீப்பு'ன்னு முடிவு பண்ணாதீங்க.

நம்ம பக்கத்துப் பேப்பர்ல இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே தெருவுல ஒரு வீட்டுப் பத்திரம் செங்கல்பட்டு மாவட்டம்னு சொல்லும், இன்னொண்ணு திருவள்ளூர்னு சொல்லும், புதுசா வந்தது சென்னைன்னு சொல்லும். மூணும் சரிதான். திருவள்ளூர் மாவட்டம் 1997-ல தனியாப் பிரிஞ்சது. அம்பத்தூர் நகராட்சி 2011-ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்தது. அம்பத்தூர் தாலுகா 2018-ல சென்னை மாவட்டத்துக்கு வந்தது. இது தெரியாம ஒரு பெரியம்மா 'இது போலிப் பத்திரம்டா'ன்னு பயந்ததை நான் நேர்லயே பார்த்தேன்.

ரெண்டு அக்காக்கள்

அப்பாவோட கம்பெனி நண்பர் மூலமா வந்த மனை அது. திருநின்றவூர் தாண்டி, அரை கிரவுண்டு. லே-அவுட்டுக்கு வரன்முறை ஆர்டர் இருந்துச்சு, பட்டா இருந்துச்சு, இ.சி. சுத்தம். ஏஜென்ட் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பண்ணுவார், ஒவ்வொரு தடவையும் 'இன்னொரு பார்ட்டி வந்து நிக்கிறாங்க சார்'. அப்பா அட்வான்ஸ் கொடுக்க ரெடி. அம்மா மட்டும்தான் 'பிள்ளை ஒரு தடவை படிச்சுப் பார்க்கட்டுமே'ன்னாங்க.

விற்கிறவங்க அண்ணன் தம்பி ரெண்டு பேர். நிலம் அவங்க அப்பா சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கினது, அவர் உயில் எழுதாம இறந்துட்டார். பட்டா இவங்க ரெண்டு பேர் பேருக்கு மாறியிருந்துச்சு. எங்க தெருவுல ஒரு வக்கீல் மாமா இருக்கார். கட்டைப் புரட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாரிசுச் சான்றிதழ் எங்கப்பா?" அது கட்டுலயே இல்லை. கேட்டு வாங்கிப் பார்த்தா, அதுல ரெண்டு மகள்கள் பேரும் இருந்துச்சு. ரெண்டு பேரும் கல்யாணம் ஆகி வேற ஊர்ல. "அவங்களுக்கு நகை போட்டுக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு சார், அவங்க ஒண்ணும் கேட்க மாட்டாங்க"ன்னாரு தம்பி.

கேட்க மாட்டாங்கங்கிறது அவரோட நம்பிக்கை. சட்டம் வேற சொல்லுது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே, உயில் எழுதாம இறந்த அப்பாவோட சுயசம்பாத்தியச் சொத்துல மகனுக்கு இருக்கிற அதே பங்கு மகளுக்கும் உண்டு. பூர்வீகச் சொத்துலயும் மகளுக்குப் பங்குன்னு தமிழ்நாடு 1989-லயே திருத்தம் கொண்டு வந்துச்சு, அன்னைக்குக் கல்யாணம் ஆகாம இருந்த பெண்களுக்கு. 2005-ல அது நாடு முழுக்க, கல்யாணம் ஆனவங்களுக்கும் சேர்த்து வந்துச்சு. பிறப்பாலேயே வர்ற உரிமை அதுன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் தெளிவாவே சொல்லிடுச்சு. அந்த அக்காக்கள் கையெழுத்து இல்லாம வாங்கினா நமக்குக் கிடைக்கிறது ரெண்டு சகோதரர்களோட பங்கு மட்டும்தான். மிச்சத்துக்கு அவங்க பின்னாடி எப்போ வேணாலும் வழக்குப் போடலாம்.

ரெண்டு பேரும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு பண்ணட்டும், இல்லேன்னா கிரயப் பத்திரத்துல அவங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்னு வக்கீல் மாமா சொல்லிட்டார். ஒரு அக்கா வர்றேன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு அக்கா, "எனக்கு இப்படி ஒரு நிலம் விற்கிறதே நீங்க சொல்லித்தான் தெரியும்"னு சொன்னாங்களாம். பேச்சு அங்கேயே நிக்குது. பி.எஃப். பணத்தை வெச்சுத்தான் வாங்குறதா இருந்ததால எங்களுக்கும் அவசரம் இல்லை. ஏஜென்ட் போன் பண்றதை நிறுத்திட்டார். அந்த 'இன்னொரு பார்ட்டி' வாங்கினாங்களான்னு தெரியலை.

பவர் ஏஜென்ட் மூலமா விற்கிற மனைகளுக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு: பவர் கொடுத்தவர் உயிரோட இருக்காரா? சாதாரணமா அவர் இறந்துட்டா பவரும் செத்துடும். வெறும் பவர் பத்திரத்தை வாங்கிக்கிட்டு அதையே 'வாங்கின மாதிரி'ன்னு நினைக்கிறதும் தப்பு. பொது அதிகாரப் பத்திரத்தால சொத்துரிமை மாறாதுன்னு 2011-ல சூரஜ் லாம்ப் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

புது ஃப்ளாட், புது லே-அவுட்டுன்னா ரெரா. 2016-ல வந்த சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேல நிலம் இருந்தாலோ 8 வீட்டுக்கு மேல கட்டினாலோ புரோமோட்டர் பதிவு பண்ணியே ஆகணும், பதிவு ஆகிறதுக்கு முன்னாடி விளம்பரமே பண்ணக் கூடாது. அதனால 'ப்ரீ-லாஞ்ச் ஆஃபர்'னு வாட்ஸ்அப்ல வந்தா, அந்தப் பேரே ஒரு எச்சரிக்கை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணாம 10 சதவீதத்துக்கு மேல முன்பணம் வாங்கவும் கூடாது. வாங்குறவங்க கிட்ட வசூலிக்கிற தொகையில 70 சதவீதம் தனிக் கணக்குல போட்டு, அந்தத் திட்டத்தோட நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும்தான் செலவழிக்கணும். தமிழ்நாடு ரெரா தளத்துல பதிவு எண்ணைப் போட்டா அனுமதி விவரம் கிடைக்கும். லே-அவுட் வரைபடத்துல பூங்காவுக்குன்னு விட்ட இடம் எதுன்னு பார்த்துட்டு, நேர்ல போய் அங்க பூங்கா இருக்கா, இல்ல இன்னொரு மனைக் கல் நட்டிருக்கான்னு பாருங்க.

நேர்ல போறதுன்னதும் இன்னொண்ணு. மனை பார்க்க எல்லாரும் ஏப்ரல், மே லீவுல கார்ல கூட்டிட்டுப் போவாங்க. நவம்பர்ல போங்க. 2015 டிசம்பர்ல கொரட்டூர் எப்படி மூழ்குச்சுன்னு நம்மள்ல பல பேர் வீட்டு மாடியில இருந்து பார்த்தவங்கதான். பக்கத்து டீக்கடையில 'அப்போ தண்ணி எது வரைக்கும் வந்துச்சு அண்ணா'ன்னு கேட்டா, அவர் சுவத்துல கை வெச்சே காட்டுவார். அந்தத் தகவல் எந்தப் பத்திரத்துலயும் வராது.

மெட்ரோ வருது, வருது

நம்ம பக்கத்து மனை விலையெல்லாம் 'வரப்போகுது'ங்கிற வார்த்தை மேலதான் நிக்குது. மெட்ரோ, வெளிவட்டச் சாலை, பஸ் ஸ்டாண்ட், ஐ.டி. பார்க். பொய்னு சொல்லலை. பட்டாபிராம்ல 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பர்ல திறந்தாச்சு. மெட்ரோ ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், பூந்தமல்லிக்கும் போகுது, வில்லிவாக்கம் திருமங்கலம் வழியாவும் போகுது. ஆனா கால அளவைப் பாருங்க. அதுக்கு 2020 நவம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க. 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர்ல. கோயம்பேட்டுல இருந்து பட்டாபிராம் வரைக்கும் நீட்டிக்கிறது திட்ட அறிக்கை அளவுல இருந்தப்பவே ஏஜென்ட்டுகள் அந்த விலையைச் சேர்த்துட்டாங்க. சி.டி.எச். ரோட்டைப் பாடியில இருந்து அகலப்படுத்துற பேச்சு எவ்வளவு வருஷமா ஓடுதுன்னு தினமும் அந்த டிராஃபிக்ல நிக்கிற உங்களுக்கே தெரியும்.

ஒரு திட்டத்துக்கு அறிவிப்பு, திட்ட அறிக்கை, ஒப்புதல், நிதி, டெண்டர், தூண்னு பல படி உண்டு. எந்தப் படியில இருக்குன்னு கேளுங்க. தூண் நிக்கிற இடத்துல விலை ஏற்கெனவே ஏறியிருக்கும், அறிவிப்பு மட்டும் இருக்கிற இடத்துல நீங்க வாங்குறது செய்தித்தாள்தான். அதோட, ரோடு அகலமாகும்னா யாரோ நிலத்தைக் கொடுக்கணும். அந்த யாரோ நீங்களா இருக்கக் கூடாதுன்னு வரைபடத்தைப் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க.

ரெட்டிப்பு கணக்கு

'1980-ல பாடியில ஒரு கிரவுண்டு சில ஆயிரம்தான், அப்பவே வாங்கியிருந்தா'ன்னு எல்லார் வீட்டுலயும் ஒரு தாத்தா சொல்லுவார். ஏறின மனையோட கதை மட்டும்தான் கல்யாண வீட்டுல சொல்லப்படும். வழக்குல மாட்டின மனைக்காரர் அமைதியா சாப்பிட்டுட்டுப் போயிடுவார்.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். 20 லட்சத்துக்கு மனை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ரெண்டும் சேர்ந்து 1.8 லட்சம். புரோக்கர், வக்கீல், கல் நட்டு வேலின்னு 40 ஆயிரம். ஆக நம்ம கையில இருந்து போனது 22.2 லட்சம். 10 வருஷம் கழிச்சு 40 லட்சத்துக்கு விற்கிறோம். 'ரெட்டிப்பு ஆயிடுச்சு'ன்னு ஊரே பேசும். புரோக்கருக்கு 2 சதவீதம் போக 39.2. லாபம் 17 லட்சத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம்னா ஏறக்குறைய 2.1 லட்சம். மிச்சம் 37.1 லட்சம். இதுக்குக் கூட்டு வளர்ச்சி போட்டா வருஷத்துக்கு 5.3 சதவீதம்தான் வருது. வங்கி டெபாசிட்டைத் தாண்டலை. இதுக்கா அந்த ஏஜென்ட் அவ்வளவு போன் பண்ணார்?

ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடலாம்னு சொல்றவங்களுக்கு இன்னொரு கணக்கு. பழைய ஃப்ளாட் 60 லட்சம், பதிவு 5.4 லட்சம். வாடகை 15,000. வருஷத்துல ஒரு மாசம் காலியா இருக்கும்னு வெச்சா 1,65,000. சொத்து வரி, பெயின்ட், ரிப்பேர் 25,000 போனா 1,40,000. போட்ட 65.4 லட்சத்துக்கு இது 2.1 சதவீதம். இதையே 48 லட்சம் லோன் போட்டு வாங்கினா, 8.5 சதவீத வட்டியில 20 வருஷத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 41,650. வாடகை போக மாசா மாசம் 26,000-க்கு மேல நம்ம கையில இருந்து போகணும். 20 வருஷத்துல கட்டி முடிக்கிறது கிட்டத்தட்ட 1 கோடி. நம்ம பேட்ச்ல பலருக்கு முதல் சம்பளமே அந்த 26,000 பக்கத்துலதான் வரும்.

குடியிருக்க வீடு வாங்குறது வேற விஷயம். அதுல வாடகை மிச்சம், அம்மாவோட நிம்மதி எல்லாம் சேரும், அதுக்குக் கணக்கு போடவே நான் விரும்பலை. ஆனா 'இன்வெஸ்ட்மென்ட்'னு பேர் வெச்சா கணக்குக்குப் பதில் சொல்லியே ஆகணும். ஃப்ளாட்டுக்கு நில மதிப்புதான் ஏறும், கட்டடம் வயசாகி இறங்கும். அதனால பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடின்னு கேளுங்க. 1 கிரவுண்டுல 8 வீடு சமமாப் பிரிச்சா ஒரு வீட்டுக்கு 300 சதுர அடிதான். விளம்பரத்துல பெருசாப் போட்டிருக்கிற 950 சதுர அடி கட்டடத்தோடது.

கோ-அப்ளிகன்ட் கையெழுத்துக்கு வர்றேன். அதுல போடுற பேர் அலங்காரத்துக்கு இல்லை. கடன் மொத்தத்துக்கும் நீங்களும் பொறுப்பு, உங்க சிபில் ரிப்போர்ட்ல அந்தக் கடன் உட்காரும், நாளைக்கு எம்.எஸ். படிக்க எஜுகேஷன் லோன் கேட்டாலோ வேலை மாறி 3 மாசம் சும்மா இருந்தாலோ அது கூடவே வரும். அப்பா கிட்ட 'வேண்டாம்'னு சொல்றது கஷ்டம். "6 மாச இ.எம்.ஐ. தனியா சேர்ந்த பிறகு போடலாம்பா"ன்னு சொல்றது அவ்வளவு கஷ்டம் இல்லை, நான் சொல்லிப் பார்த்துட்டேன். கையெழுத்துப் போடுறதா இருந்தா சொத்துலயும் பேர் இருக்கான்னு பாருங்க. கடன்ல மட்டும் பேர் இருக்கிற பிள்ளைங்க நிறைய.

கையில 500 ரூபாய்தான் இருக்கு, ஆனா இந்தத் தொழிலைக் கத்துக்கணும்னா, ரெய்ட் யூனிட் ஒண்ணு வாங்கிப் பாருங்க. வாடகைக்கு விட்ட பெரிய ஆபீஸ் கட்டடங்களைச் சேர்த்து வெச்சு, சந்தையில யூனிட்டா விற்கிற அமைப்பு. இந்தியாவுல முதல் ரெய்ட் 2019 ஏப்ரல்ல பட்டியலாச்சு, 2021-க்கு அப்புறம் ஒரே ஒரு யூனிட் கூட வாங்கலாம். பகிரக்கூடிய பண வரவுல குறைஞ்சது 90 சதவீதத்தை யூனிட் வெச்சிருக்கிறவங்களுக்குக் கொடுக்கணும்னு செபி விதி. விலை ஏறும் இறங்கும், பணக்காரர் ஆக மாட்டீங்க. ஆனா அவங்க காலாண்டு அறிக்கையில எவ்வளவு இடம் காலியா இருக்கு, வாடகை எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு படிக்கிற பழக்கம் வரும்.

காசே இல்லாமலும் ஆரம்பிக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு பீரோவுல இருக்கிற பத்திரத்தை எடுங்க. வாடகை வீடுன்னா தாத்தா ஊர்ப் பத்திரம். சர்வே நம்பரைக் குறிச்சுக்கிட்டு இ.சி. போட்டுப் பாருங்க. பட்டா இன்னும் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. நான் பார்த்தப்போ எங்க ஊர் நிலத்தோட பட்டா 11 வருஷத்துக்கு முன்னாடி இறந்துபோன எங்க தாத்தா பேர்லயே இருந்துச்சு. வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுத உட்கார்ந்தோம். அதுல எங்க ரெண்டு அத்தைகளோட பேரையும் நான்தான் எழுதினேன்.